மனமுவந்து என்ற சொல்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் பிழை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். கல்யாணப் பத்திரிகையானாலும் கடைத் திறப்பு நோட்டீஸானாலும் அவள் சிவப்புப் பேனா படாமல் மெஷினுக்குப் போகாது.

அன்று காலை முதலாளி அவள் மேஜையில் ஒரு தாளை வைத்தார். போரில் இறந்த ஊர்க்காரர்கள் இருபத்து மூன்று பேருக்கு நகர மண்டபத்துக்கு எதிரே நினைவுக்கல் வைக்கிறார்கள். அதில் வெட்டப்போகிற வாசகம் அது. எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராவது பெயர் அவள் தம்பியுடையது. அதில் பிழையில்லை. எல்லாப் பெயர்களுக்கும் மேலே, ‘நாட்டுக்காக மனமுவந்து உயிர் ஈந்தவர்கள்’ என்று இருந்தது.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. தம்பி பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். வேலை முடிந்து வாசலுக்கு வந்தவனை, ஆள்பிடிக்க வந்த ராணுவ லாரி அப்படியே அள்ளிக்கொண்டு போனது. கையிலிருந்த கிரீஸைக்கூட அவன் கழுவியிருக்கவில்லை. மூன்று கடிதம் போட்டான். எப்படியாவது என்னை வெளியே எடு அக்கா என்று மூன்றிலும் எழுதியிருந்தான். அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நாலாவது கடிதத்தை ராணுவம் எழுதியது.

‘மனமுவந்து’ என்பதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

முதலாளிக்குக் கைகால் ஓடவில்லை. அதில் என்னம்மா பிழை என்றார்.

“எழுத்துல பிழை இல்லைங்க. சொல்றதுலதான் பிழை.”

நமக்கெதற்கு வம்பு என்று அவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் தாளை எடுத்துக்கொண்டு நினைவுக்குழுத் தலைவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு மைக் சார் என்று பெயர். உன் தம்பி ஒருவனுக்காக மற்றவர்கள் பெருமையைக் கெடுப்பதா என்று கேட்டார். மற்ற வீடுகளில் கேட்டீர்களா என்றாள். அவர் கேட்டிருக்கவில்லை. அப்படியானால் நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டு, வேலை முடிந்ததும் தினமும் வீடு வீடாக ஏறினாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மா, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன், அதையும் பிடுங்காதே என்றாள். தாளை மடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

அவள் ரொம்பவும் தயங்கியது முடிதிருத்துகிறவர் கடைக்குப் போகத்தான். அவருடைய ஒரே மகன் வீட்டில் சொல்லாமல் ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். கடையிலிருந்தவருக்கு ஷேவிங் முடித்து அனுப்பிவிட்டுத்தான் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“என் பையன் விரும்பித்தான் போனான். நான் தடுத்தும் கேக்கல” என்றார்.

“தெரியும்ணே. உங்களைக் கட்டாயப்படுத்த வரல.”

“இரு. போக விரும்பினான். சாக விரும்பினான்னு யாரு சொன்னது? லீவுல வந்து கடைக்குப் புது நாற்காலி வாங்கித் தர்றேன்னு கடுதாசி போட்டவன் அவன்.”

தோளிலிருந்த துண்டில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதோடு பதினாலு வீடு சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் குழு கூடியது. கல்தச்சர் வெட்ட ஆரம்பித்தாயிற்று, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார் மைக் சார். கடைசி பெஞ்சிலிருந்த கல்தச்சர், நான் இன்னும் உளியே வைக்கவில்லை, கோடுதான் போட்டிருக்கிறேன் என்றார். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமானது. மைக் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. மாற்ற முடியாதென்றால் முடியாது, செத்தவர்களை அவமானப்படுத்தாதே என்றார்.

அவள் எழுந்தாள்.

“அவனைப் பிடிச்சிட்டுப் போனப்ப இந்த ஊரு ஒரு வார்த்தை கேக்கல சார். இப்ப அவன் மனசுல இருந்ததை நீங்க எழுதுறீங்க. அந்தச் சொல் இருந்தா அவன் பேரை எடுத்துடுங்க. பொய்க்குக் கீழ அவன் பேரு வேண்டாம்.”

“என் பையன் பேரையும்” என்றார் முடிதிருத்துகிறவர். பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மைக் சார் தாளைப் பார்த்தார். மிஞ்சியது ஒன்பது பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் கல்தச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

‘போரில் இறந்த நம் ஊரார்’ என்று கல்லில் வெட்டினார்கள். குழுவின் அச்சுவேலை வேறு அச்சகத்துக்குப் போனது. முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவளைப் போகச் சொல்லவில்லை.

திறப்பு விழாவில் மைக் சார், கல்லில் விட்டதைப் பேச்சில் பிடித்தார். ஆறு முறை மனமுவந்து என்றார். அவர் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். பூ வைக்கக் கூப்பிட்டபோது, கையெழுத்துப் போட மறுத்த அந்த அம்மாவும் வந்தாள். முகம்கொடுத்துப் பேசவில்லை. இவள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பிறகு பதினோராவது பெயரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் கல் சுட்டது. அடுத்தவர்களுக்கு வழி விடச்சொல்லி மேடையிலிருந்து இரண்டு தடவை சொன்னார்கள். அவள் கையை எடுக்கவில்லை.