ஊசி தைத்த பிறகு

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். வார்டுகளிலிருந்து இறங்கும் அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்த்து, விரிப்பு தனி, துண்டு தனி, அங்கி தனி என்று பிரித்துப் போடுவது ஆறு பெண்களின் வேலை. இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரலுக்காகவே அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால்தான் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அன்றும் பெயின்டரான தன் கணவனின் குறும்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஒரு விரிப்பை உதறினாள். பேச்சு பாதியில் நின்றது. ஆள்காட்டி விரலில் ஒரு ஊசி தைத்து நின்றது. யாருக்கோ போட்டுவிட்டு மடிப்புக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அதில் இன்னும் ரத்தம் இருந்தது.

ஓடிப்போய்க் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். மேற்பார்வையாளர் அவளை மாடிக்கு அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது.

“பாத்தியா? எச்.ஐ.வி. இல்லைன்னு வந்துடுச்சு. கீழ மூட்டை குவிஞ்சு கெடக்கு, வா” என்றார்.

அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது போலத்தான் இருந்தது. படியிறங்கப் போனவளை ஆலோசனை அறை நர்ஸ் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“ஊசி குத்தி ஒரு மணி நேரம்கூட ஆகலையேம்மா. இந்த ரத்தம், உங்களுக்கு இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது. இந்த ஊசியைப் பத்தி அதுக்குத் தெரியாது.”

“அப்ப எப்பதான் தெரியும்?”

“கிருமி உள்ள போயிருந்தாலும் டெஸ்டுல காட்ட வாரக்கணக்காகும். ஆறு வாரத்துல ஒரு தடவை, மூணு மாசத்துல ஒரு தடவை பாக்கணும். பயப்படாதீங்க, ஒரு ஊசியால வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா கிருமி ஒட்டாம தடுக்கிற மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சுடணும். மூணு நாள் தாண்டிட்டா பிரயோஜனம் இல்லை. நாலு வாரம் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.”

முதல் மாத்திரையை நர்ஸின் எதிரிலேயே விழுங்கினாள். கடைசி முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது, குழந்தை யோசனை இருந்தால் தள்ளிப்போட வேண்டும் என்றும் நர்ஸ் சொன்னாள். அந்த யோசனைதான் அவர்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டியபடியே கேட்டான்.

“பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் இதைத்தான் யோசிச்சியா?”

“ஆமா. நீ கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்னு நெனச்சேன்.”

அவன் எழுந்து போய்விட்டான். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவன் கையில் சீப்பு, இரண்டு பல்துலக்கி, ஒரு பொட்டலம் பஞ்சு.

“மருந்துக் கடையில ஒரே பொம்பளைங்க கூட்டம். கேக்க வந்ததைக் கேக்க வாய் வரலை. கையில கெடைச்சதெல்லாம் வாங்கினேன்” என்றவன், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தான். “கடைசியில இதையும் கேட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும்.

மாத்திரை குடலைப் புரட்டியது. வேலைக்கு நடுவே போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து மறுபடி துணி பிரிப்பாள். வீட்டில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கணவன் எதிரில் உட்கார்ந்து, ஆறு வாய்க்கு ஒரு தரம் பொய் சொல்லிச் சிரிக்க வைப்பான். நான்கு வாரமும் ஒரு மாத்திரை தவறவில்லை.

ஆறாவது வாரமும் ‘இல்லை’ என்றே வந்தது. மூன்றாவது சோதனைக்கு அரை நாள் கேட்டபோது மேற்பார்வையாளர் முகம் சுளித்தார்.

“அதான் ரெண்டு தடவையும் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே. இன்னும் எதுக்கு?”

“மொதல் தடவை பழைய கதையைச் சொல்லிச்சு சார். ரெண்டாவது முக்காவாசி சொல்லிச்சு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத் தாமதமாக்கூடக் காட்டுமாம். மிச்சத்தையும் கேட்டுட்டு வந்துடறேன்.”

“சம்பளத்துல வெட்டு விழும்.”

“விழட்டும் சார்.”

கணவனும் கூட வந்தான். நர்ஸ் கதவைத் திறந்தபோதே சிரித்தாள். “இல்லைம்மா. இனிமே இதை நம்பலாம், முழுசா நம்பலாம்.”

இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். “பெட்டியில இன்னும் நாலு இருக்கே, என்ன பண்றது?” என்று அவன் காதோடு கேட்டான். “சீ, போ” என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். ஏறி இறங்கியவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவள் கீழே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “எனக்கு ஒண்ணும் இல்லையாம்!” என்று இயந்திரங்களுக்கு மேல் கத்தினாள். கைதட்டலும் சிரிப்புமாகக் கூடம் கலகலத்தது. சத்தம் கேட்டு மேற்பார்வையாளரும் வந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“நீங்க எல்லாரும் கேட்டீங்களே, ஊசி இறங்காத தடிமனான கையுறை. மேலிடத்துல அனுமதி வாங்கிட்டேன்” என்று பையை மேசைமேல் வைத்தார்.

பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஜோடி இருந்தது.

லிஃப்ட் திறந்து புது மூட்டைகள் உருண்டு வந்தன. வலது கையுறையை அவள் மாட்டிக்கொண்டாள். இடதுகை பக்கத்து மேசைக்காரிக்குப் போனது. மற்ற நால்வரும் வெறுங்கையால் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.