அறுபத்திரண்டு மாடி

கார்த்திகை பிறந்துவிட்டால் பெருமாட்டியில் காற்றுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கிழக்கே மலை விட்ட இடைவெளியில் புகுந்து வந்து தென்னை மட்டையை முறிக்கும், ஓட்டைப் பெயர்க்கும், உதட்டை வெடிக்க வைக்கும். இந்தக் காற்றில் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு மனிதன் நடக்கப் போகவேண்டும் என்று சட்டம் போட்டவள் பிரதீபா. போகவேண்டிய மனிதன் அவள் கணவன் சிவப்பிரகாஷ்.

பிரதீபா ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளர். இருபத்திரண்டு வருடமாகப் பாலில் தண்ணீர் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கேன் மூடியைத் திறந்ததும் பாலைப் பார்க்கமாட்டாள், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம்தான் கண்ணாடிக் குழாயை உள்ளே விடுவாள். குழாய் சொல்லப்போவதை அதற்குள் அவள் முகம் சொல்லிவிட்டிருக்கும். ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நியாயம் பேச ஆரம்பிப்பார்கள்.

ஐப்பசியில் சொசைட்டி நடத்திய இலவச முகாமில் சிவப்பிரகாஷுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது. அன்று மாலையே ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. வேலை, உடம்பு, பொழுதுபோக்கு என்று மூன்று பத்தி. ‘வேலை’யில் மாடு, தோப்பு, தண்ணீர் பாய்ச்சுவது. ‘உடம்பு’ பத்தியில் தினமும் பத்தாயிரம் அடி நடை. ‘பொழுதுபோக்கு’ பத்தியில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை அரைமணி நேரம் கேரம். அவளுடைய பொழுதுபோக்கு அடீனியம் செடி வளர்ப்பது, நாற்பத்து மூன்று தொட்டி. காற்றுக்குத் தொட்டி சாயும் என்பதால் தினமும் சாயங்காலம் உள்ளே தூக்கி வைத்துக் காலையில் வெளியே எடுக்க வேண்டும். அந்தத் தூக்குகிற வேலை எப்படியோ அவருடைய ‘உடம்பு’ பத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பெங்களூரில் இருக்கும் மகள் அப்பாவுக்கு அடி எண்ணும் வாட்ச் ஒன்று அனுப்பினாள். அதன் ஆப்பை அம்மாவின் போனில் ஏற்றிவிட்டாள். தினமும் அந்தியில் பிரதீபா சோபாவில் உட்கார்ந்து போனைத் திறப்பாள். சிவப்பிரகாஷ் எதிரே நின்றுகொண்டிருப்பார், பால் கேனோடு வந்தவர் மாதிரி.

மூன்று நாள் ஒழுங்காக நடந்தார். நான்காம் நாள் காற்று காதுக்குள் புகுந்து மண்டையைக் குடைந்தது. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ஜோஸின் டீக்கடை இருந்தது. உள்ளே வெளிச்சம், சூடான பருப்பு வடை, பளபளவென்று பவுடர் போட்ட கேரம் பலகை. ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தவர் எட்டரைக்கு எழுந்தார். அன்று மாலை போன் ஆயிரத்து நூற்றுப்பத்து அடி என்றது.

“ஏனுங்க, வாய்க்கா வரைக்கும் போயிட்டு வந்தாலே நாலாயிரம் வருமே. ஆரு தூக்கீட்டு வந்து உட்டாங்க உங்கள?”

அன்று ராத்திரி அவருக்குக் கொள்ளுக் கஞ்சிதான் கிடைத்தது.

மறுநாள் தோப்பு வழியாகப் போகும்போது மரத்தடியில் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த குப்பண்ணனைப் பார்த்தார். குப்பண்ணன் அவருடைய தோப்பில் கள் இறக்குகிறவர். ஐம்பத்தாறு வயது, ஒட்டிய வயிறு, சிரித்தால் மட்டும் சின்னப் பையன் முகம். தினமும் மூன்று தடவை இருபது மரம் ஏறி இறங்குவார், காலையில் கூடுதலாகப் பக்கத்துத் தோப்பும் உண்டு. இப்படி இரண்டு கால்கள் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருக்கையில் தான் எதற்கு நடக்கவேண்டும் என்று சிவப்பிரகாஷுக்குத் தோன்றியது. இந்த மாதிரி யோசனையெல்லாம் அவருக்குக் கஷ்டப்படாமலே வரும்.

“குப்பண்ணா, இந்த வாச்சக் கொஞ்சம் கட்டிக்க. ஒம்பது மணிக்கு ஜோஸ் கடைல வந்து குடுத்துரு. டீயும் வடையும் என்ற செலவு.”

குப்பண்ணன் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அப்ப உங்க நடைய நான் நடக்கோணுமாங்க?”

“நீ எப்பிடியும் ஏறப்போற. அது வீணாத்தான போகுது?”

அன்று அந்தியில் பதினோராயிரத்து நானூறு அடி. பிரதீபா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாம் தடவை படித்தாள். அடிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஏறிய மாடிகள் அறுபத்திரண்டு.

“ஏனுங்க, நம்ம பெருமாட்டில மாடி எங்கீங்க இருக்குது?”

பெருமாட்டி உள்ளங்கை போலத் தட்டையான ஊர். பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மாடி, கல்யாண மண்டபத்துக்கு ஒரு மாடி. சிவப்பிரகாஷுக்கு அந்தக் காற்றிலும் வியர்த்தது.

“வாய்க்கா மேட்டுல ஏறி எறங்கி, ஏறி எறங்கி வாறேன். நெஞ்சுக்கு நல்லதாமா.”

வேறு யார் வீட்டுக் கேனாக இருந்தாலும் அவள் மூடியைத் திறக்கும்போதே பிடித்திருப்பாள். ஆனால் மறுநாள் காலையில் சொசைட்டியில் அந்தப் போனை நாலு பேருக்குக் காட்டியபோது, நாலு பேரும் வாயைப் பிளந்தபோது, அது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. சிவப்பிரகாஷுக்கு நடக்கிற புருஷன் என்று பேர் வந்தது, அவளுக்கு நடக்க வைத்த பெண்சாதி என்று பேர் வந்தது. இரண்டு பேருக்கும் வசதியாக இருந்த ஒரு பொய்யை எதற்குக் கலக்கிப் பார்க்க வேண்டும்? அவள் குழாயை உள்ளே விடவில்லை.

அதற்குப் பிறகு சிவப்பிரகாஷ் பட்ட சுகம் கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி திரும்பி வந்தது. சோறு இரண்டாம் கரண்டி விழுந்தது. ஜோஸ் கடையில் உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டே, நடக்காமல் கெட்டுப்போகிற உலகத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தார். தை பிறந்ததும் சொசைட்டியில் நடக்கப்போகும் ஆரோக்கிய வகுப்பில் அவர் பேசுவதாக நோட்டீஸே அடித்துவிட்டார்கள். ‘நடை தந்த வாழ்வு’ என்று தலைப்பு. கீழே அவருடைய பெயர், பக்கத்தில் கல்யாணத்தில் எடுத்த போட்டோ.

மார்கழிப் பாதியில் ஒரு நாள் குப்பண்ணன் வாட்சைக் கொடுக்க வந்தவர் போகாமல் நின்றார். சிவப்பிரகாஷ் சிவப்புக் காயைக் குறிபார்த்துக் குனிந்திருந்தார்.

“ஏனுங்க, ரெண்டு மூணு நாளா மரத்துல ஏறுனா நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிக்குதுங்க. பொறவு ஒண்ணுமே இல்லாத மாதிரி நின்னுபோகுதுங்க. கண்ணு இருட்டீட்டு வருது.”

“கெழக்குக் காத்து அப்பிடித்தான் பண்ணும்” என்றார் சிவப்பிரகாஷ், கண்ணை எடுக்காமல். “சுக்குக் காப்பி போட்டுக் குடி. ஜோஸே, இந்தக் காய் உழுகுமா, உழுகாதா?”

காய் விழுந்தது. கடையே கைதட்டியது. குப்பண்ணன் டீயைக் குடித்துவிட்டு மத்தியான ஏற்றத்துக்குப் போனார்.

ஒன்பது நாள் கழிந்து, பத்தாம் நாள் அந்தியில் பிரதீபாவின் போனில் சிவப்பாக ஒரு கட்டம் வந்து நின்றது. காலை ஏழு பத்துக்குத் துடிப்பு நூற்று அறுபத்தெட்டு, ஏழு இருபதுக்கு முப்பத்தொன்பது. இதயத் துடிப்பு சீராக இல்லை, உடனே மருத்துவரைப் பாருங்கள். பிரதீபா கத்தவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் கண் கலங்கி அவர் பார்த்தது மகள் பிறந்த அன்றும் அன்றைக்கும்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது, வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ரமேஷ்குமாரின் வாடகைக் கார் வாசலில் நின்றது. வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர், அங்கே ஓர் இருதய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள், ஜெல்லைத் தடவிப் படம் பார்த்தார்கள். கடைசியில் ட்ரெட்மில் பட்டையில் ஏற்றி ஓடவிட்டார்கள். தினமும் அறுபத்திரண்டு மாடி ஏறுகிற வீரர் நாலாவது நிமிடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மணி, நிறுத்தச் சொல்லு” என்று நர்ஸிடம் கெஞ்சினார்.

மூன்று மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர். அவர் முன்னால் ஒரு பக்கம் காகிதங்கள், ஒரு பக்கம் பிரதீபாவின் போன்.

“சார், உங்க இதயத்துல எந்தக் கோளாறும் இல்லை. சர்க்கரை மட்டும் இருநூத்து எழுபது. நடக்கற ஆளோட உடம்பு மாதிரியும் இல்லை.” போனை அவர் பக்கம் தள்ளினார். “இது உங்க நெஞ்சு கிடையாது. யார் கையில இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஆள் இப்போ மாடிப்படி ஏறினாக்கூட மயங்கி விழலாம். அவரை நான் உடனே பார்க்கணும்.”

பிரதீபா புருஷன் முகத்தைப் பார்த்தாள். மூடியைத் திறந்ததும் பார்க்கிற அதே பார்வை.

“வாச்சு பழுதாயிருக்குமுங்க” என்றார் சிவப்பிரகாஷ்.

கார் ஊருக்குத் திரும்பியது. மாநில எல்லை தாண்டித் தென்னந்தோப்புகள் ஆரம்பித்தன. ரோட்டோரத்து மரத்தில் யாரோ ஒருவர் இடுப்பில் குடுவையோடு பாதிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தார். சிவப்பிரகாஷ் மணி பார்த்தார். நாலு பத்து. சாயங்கால ஏற்றம் தொடங்குகிற நேரம். நோட்டீஸ், போட்டோ, ஆட்டுக்கறி எல்லாம் ஒரு நொடியில் அற்பமாகிப்போனது என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் அப்போதும், இன்றைக்கு ஒரு நாள் ஒன்றும் ஆகாது, நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அந்த நினைப்போடு இரண்டு கிலோமீட்டர் போனார். அதற்குமேல் முடியவில்லை.

“குப்பண்ணன்” என்றார்.

பிரதீபா விளக்கம் கேட்கவில்லை. மாடி, மரம், எல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

“அந்தாளுக்குப் போன் போடுங்க!”

“மேல ஏறீட்டா சட்டையோட போனக் கீழ வெச்சிருவான்.”

“ரமேஷ்குமாரு, சீக்கிரம் போப்பா” என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள், “எனக்கும் தெரிஞ்சுதானுங்க இருந்துச்சு. அறுவத்திரெண்டு மாடின்னு பார்த்தன்னைக்கே தண்ணி கலந்திருக்குதுன்னு தெரியும். ஆரு தண்ணின்னு கேக்காம உட்டுட்டேன்.”

தோப்புக்குள் கார் போகாது. வேலியோரம் நிறுத்தியதும் இருவரும் இறங்கி ஓடினார்கள். இரண்டு மாதத்தில் சிவப்பிரகாஷ் சொந்தக் காலால் ஓடிய முதல் ஓட்டம் அதுதான். காற்றில் மட்டைகள் அலறின. பன்னிரண்டாவது மரத்தடியில் சட்டை கிடந்தது, சட்டைப் பையில் பிரதீபா ஓடிக்கொண்டே போட்ட போன் அடித்துக்கொண்டிருந்தது. மேலே பாளைக்குக் கீழே, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி குப்பண்ணன் அசையாமல் நின்றார்.

“குப்பண்ணா!”

கொஞ்சம் கழித்து ஒரு கால் கீழே தடவியது. பிரதீபா மரத்தடியில் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, விழுந்தால் பிடித்துவிடுவது போல, மெதுவாக மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கணுவாக அவர் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“கண்ணு இருட்டீருச்சுங்க. தெளியட்டும்னு நின்னேன்.”

“நெஞ்சு இப்பிடிப் பண்ணுதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா குப்பண்ணா?” என்றாள் பிரதீபா.

குப்பண்ணன் சிவப்பிரகாஷைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

“சொன்னனுங்களே. இவுரு செவப்புக் காய அடிச்சுட்டு இருந்தாருங்க. சுக்குக் காப்பி குடிக்கச் சொன்னாரு, தினமும் குடிக்கிறனுங்க.”

அதே காரில் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தோள் எலும்புக்குக் கீழே, இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி மரம் ஏறக்கூடாது. முப்பத்தெட்டு வருடம் மேலேயே இருந்தவரைச் சொசைட்டியில் கேன் வாங்கி வைக்கிற வேலைக்குப் பிரதீபா அமர்த்தினாள். ஆரோக்கிய வகுப்பு நடக்கவில்லை. நோட்டீஸைக் கிழித்தது யார் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் இப்போது போனில் அடி எத்தனை என்று பார்ப்பதுமில்லை.

பார்க்காவிட்டாலும் சிவப்பிரகாஷ் தினமும் நடக்கிறார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது ஜோஸ் கடை பெஞ்சில், வேலைக்குப் போகும் முன் டீ குடித்தபடி குப்பண்ணன் உட்கார்ந்திருப்பார். இவரைக் கண்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்.

“ஏனுங்க, நெஞ்சு எப்பிடி இருக்குதுங்க?”

கிண்டல் இல்லை, மனசாரத்தான் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் பட்டையில் ஏற்றி இவரைப் பாடுபடுத்திய கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தான் ஒரே ஒரு நாள் தலையை நிமிர்த்திக் கேட்டிருக்கலாம் என்று சிவப்பிரகாஷுக்குத் தினமும் தோன்றும், தினமும் சுடும்.

“நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்.