மூன்று நாளைக்குத் தண்ணீர் வராது

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. மூச்சு விடுவதற்கு வகுப்பு நடத்துகிறார்கள், அதற்கும் ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறான். பிள்ளை வளர்க்க ஒரு வகுப்பு, சிரிக்க ஒரு வகுப்பு. முடிந்ததும் ஒரு சான்றிதழ், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி வாழ்த்துச் சொல்லச் சொல்லித் தொல்லை. வேலை தெரிந்தவனைவிட வகுப்புக்குப் போனவன்தான் இன்றைக்குப் பெரிய ஆள்.

அந்த வியாதி எங்கள் பத்திரிகைக்கும் வந்தது.

நான் காப்பார் ஊர் நிருபர். நாகையா என்றால் காப்பாரிலிருந்து பக்கத்து ஊர் மேரு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடமாகச் செய்தி கொடுக்கிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதனால் எழுதி அனுப்புவதில்லை. போனில் சொல்வேன், ஆபீசில் யாராவது எழுதிக்கொள்வார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் பேப்பர் போடுவேன். போகிற வழியில் யார் செத்தார், எந்தக் கோயில் கூட்டத்தில் யார் நாற்காலியைத் தூக்கினார் என்று கேட்டுக்கொண்டு வருவேன்.

இத்தனைக்கும் பத்திரிகை எனக்குக் கொடுத்த மரியாதை ஒரு அட்டை. என் படம், என் பேர், அதற்குக் கீழே நிருபர் என்று ஒரு வார்த்தை. அதைக் கழுத்தில் மாட்டினால் போலீஸ்காரன் கயிற்றைத் தூக்கி உள்ளே விடுவான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் முதல் வரிசையில் நாற்காலி கிடைக்கும். அட்டை இல்லையென்றால் நான் பேப்பர் போடுகிற கிழவன், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை செய்தி ஆசிரியர் புஷ்பவல்லி போன் செய்தாள்.

"அண்ணே, சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு வந்துருங்க. டிரெய்னிங்."

"எனக்கு எதுக்கும்மா டிரெய்னிங்? நான் நியூஸ் குடுக்க ஆரம்பிச்சப்ப உனக்குப் பால் பல்லுகூட விழுந்திருக்காது."

"அதெல்லாம் சரிண்ணே. சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் இந்த வருசம் கார்டுன்னு மேனேஜ்மெண்ட் சொல்லிருச்சு. நான் என்ன செய்றது?"

"எல்லாருக்குமா, இல்ல எனக்கு மட்டுமா?"

"பந்திங் பக்கிரிசாமி அண்ணனும் வர்றாரு."

அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பக்கிரிசாமி பந்திங் ஊர் நிருபர், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என்னைவிடக் காது மந்தம்.

சனிக்கிழமை மோட்டாரைக் கிள்ளான் ஸ்டேஷனில் போட்டுவிட்டு ரயிலேறிப் போனேன். ஆபீஸ் மாடியில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் பேர் சாதிக். தமிழ்நாட்டுக்காரர், விசாவில் வந்து இங்கே வேலை செய்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. அப்படிப்பட்ட ஆளை நான் சட்டென்று நம்புவதில்லை. சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் படமாகக் காட்டினார். பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்று பாடம்.

"ஒருத்தர் இறந்துட்டார்னு உங்களுக்கு மெசேஜ் வருது. என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

சின்னப் பிள்ளைகள் என்னென்னவோ இணையதளத்தின் பேரைச் சொன்னார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க?"

"வீட்டுக்குப் போயி செருப்பை எண்ணுவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். போன வருடம் லோரி ஓட்டின தம்புசாமி போய்விட்டார் என்று படம் போட்டு, பூப் போட்டு, ஊரெல்லாம் போனில் சுற்றியது. நூறு பேர் கும்பிடுகிற கைப் படத்தை அனுப்பியிருந்தார்கள். ஒருத்தனாவது நேரில் போனானா? நான் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்புக் கிடந்தது. சாவு வீடு அப்படியா இருக்கும்? எட்டிப் பார்த்தால் தம்புசாமி சட்டையில்லாமல் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருக்கிறார். செத்தது மூவாரில் இருந்த வேறு தம்புசாமி.

"நான் போயி, 'யோவ், உனக்கு மாலை வாங்கிட்டானுங்க, போட்டுக்கிறியா'ன்னு கேட்டேன்."

சாதிக் கைதட்டினார். "ஐயா செய்றதுதான் சரிபார்த்தல். நான் ரெண்டு மணி நேரமா சொன்னதை ஐயா செருப்புல சொல்லிட்டார்."

பக்கிரிசாமி என் தொடையைக் கிள்ளினான். "யோவ், இன்னிக்கு ஓன் நாளுதான்யா. சாப்பாடு நீதான் வாங்கணும்."

சாப்பாட்டுக்கு முன்னால் சாதிக் பரீட்சையைச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு பொய்ச் செய்தி வரும். எங்கிருந்து வரும், யார் சொல்வார் என்று தெரியாது. சம்பந்தமில்லாத இரண்டு பேரைக் கேட்டுச் சரிபார்க்காமல் அதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் சான்றிதழ் கிடையாது.

இதெல்லாம் எனக்கு ஒரு பரீட்சையா? நான் வாழ்நாளில் ஒருத்தனையும் நம்பியதில்லை.

கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பை ஊற்றும்போதே என் போன் சத்தம் போட்டது. என் பேரில் பார்சல் வந்து நிற்கிறதாம், இந்த இடத்தைத் தட்டினால் கிடைக்குமாம். பக்கிரிசாமியிடம் காட்டினேன்.

"பார்த்தியா, வாத்தியாரு அனுப்பிட்டாரு. நம்மகிட்டயே."

"தட்டாதய்யா, மாட்டிக்குவே."

"நானா தட்டுவேன்?" போனைப் பையில் போட்டுவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டேன். என் பரீட்சை முடிந்தது.

இரண்டு மணி வாக்கில் மாடிப்படி ஏறும்போது புஷ்பவல்லியே போன் செய்தாள். கீழே அவள் அறையிலிருந்துதான்.

"அண்ணே, காப்பார் பக்கம் இன்னிக்கு ராத்திரி ஏழு மணியிலேருந்து மூணு நாளைக்குத் தண்ணி வராதாம். குறிச்சுக்குங்க, அப்புறம் பேசுறேன்."

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சாவைச் சந்தேகப்படுவேன், கல்யாணத்தைச் சந்தேகப்படுவேன், தேர்தல் முடிவையே சந்தேகப்படுவேன். தண்ணீர் நிற்கும் என்று ஒருத்தன் சொன்னால் இந்த ஊரில் யாராவது ஏன் என்று கேட்டதுண்டா? போன மாதம் நின்றது. அதற்கு முந்தின மாதம் இரண்டு தடவை நின்றது. வரும் என்று சொன்னால்தான் விசாரிக்க வேண்டும்.

படியில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கண்ணம்மா, ஏழு மணிக்குத் தண்ணி நிக்குது. மூணு நாளு. குளிக்கிற அறையில உள்ள பெரிய தோங்கைக் கழுவி ரொப்பு. வாளி, குடம், ஒண்ணு விடாத."

"அடக் கடவுளே, போன மாசம்தானே நின்னுச்சு?"

"அவனுங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? பேசிக்கிட்டு நிக்காத, புடி."

"பக்கத்து வீட்டு வாசுகிட்ட சொல்லவா?"

"சொல்லு, சொல்லு. புள்ளகுட்டிக்காரன்."

வாசு எங்கள் தாமானில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் வாட்ஸாப் குழு நடத்துகிறவன். அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றரை மணிக்கு சாதிக் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். பக்கிரிசாமிக்கு வந்த பொய், பந்திங் பாசாரை ஊருக்கு வெளியே மாற்றுகிறார்கள் என்பது. அவன் மீன்காரனையும் காய்கறிக்காரியையும் போனில் கேட்டு, இருவரிடமும் திட்டு வாங்கி, தேறிவிட்டான். என் முறை வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் பார்சல் வந்திருக்குன்னு வந்துச்சு. நான் தொடவே இல்ல."

சாதிக் முழித்தார். "பார்சலா? நான் அனுப்பலையே ஐயா. அது நிஜத் திருடன்."

பின்வரிசையில் புஷ்பவல்லி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "அண்ணே… தண்ணி."

மாடியே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பக்கிரிசாமி, காதில் விழாமல், பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு, எல்லோரும் முடித்த பிறகு தனியாகச் சிரித்தான்.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா ஐயா?" என்றார் சாதிக்.

"பொண்டாட்டிகிட்ட மட்டும்" என்று சொல்லும்போதே போன் அடித்தது. கண்ணம்மா. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"என்னாங்க, ஏழு மணின்னு சொன்னீங்க, இப்பவே பைப்புல தண்ணி நூலு மாதிரி வருது! நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க. தாமானே உங்களத்தான் கும்பிடுது!"

நான் சாதிக்கைப் பார்த்தேன். "கேட்டுக்கிட்டியா தம்பி? செய்தி உண்மை."

"அது எப்படிங்க உண்மையாகும்? நானும் மேடமும் சேர்ந்து கற்பனை பண்ணுனது!"

பக்கிரிசாமி அதற்குள் காப்பாரிலிருக்கும் தன் மச்சானைக் கூப்பிட்டுவிட்டான். "ஆமாவாம்யா, அங்கயும் தண்ணி இல்லியாம். ரெண்டு பேரு ஆச்சு, வாத்தியாரே. சர்ட்டிபிகேட்டக் குடுத்துரு லா."

சாதிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, ஊரே ஒரே நேரத்துல பைப்பைத் திறந்தா தண்ணி எப்படி வரும்? தண்ணி நின்னதால நீங்க சொல்லலை. நீங்க சொன்னதால நின்னுது."

"எப்படி நின்னா என்ன? நின்னுச்சா இல்லியா?"

அப்போது கீழேயிருந்து ஆபீஸ் பெண் ஓடிவந்தாள். காப்பாரிலிருந்து ஒரு டயாலிசிஸ் செண்டர் கூப்பிட்டதாம். நாளைக்குப் பதினெட்டு நோயாளிகள் இருக்கிறார்கள், தண்ணீர் இல்லாவிட்டால் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், உங்கள் நிருபர் சொன்னது உறுதிதானா என்று கேட்டார்களாம். வாசு போட்ட செய்தியில் 'நம்ம நாகையா அண்ணன் சொன்னது' என்று தடித்த எழுத்தில் இருந்ததாம்.

சிரிப்பு நின்றது. சிறுநீரகம் கழுவ வேண்டியவனை என் பேர் போட்ட பொய் அலைக்கழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த செண்டருக்கு நானே போன் செய்தேன். நாகையா பேசுகிறேன், நான் விசாரிக்காமல் சொன்னது, பொய், தண்ணீர் ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள். அவள் நன்றி சொன்னது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

புஷ்பவல்லி மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இந்த நிலைமையில கார்டு குடுக்க என்னால முடியாது."

சாதிக் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவருக்கும் குற்ற உணர்வு இருந்திருக்கும், நெருப்பு அவர் கொளுத்தியதுதானே. "தப்பைத் திருத்துறதும் பயிற்சியில ஒரு பாடம் ஐயா. காப்பார்ல பைப்பை மூட வையுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

என் குரலைப் பதிந்து வாசுவின் குழுவுக்கு அனுப்பினேன். "நான் நாகையா பேசுறேன். தண்ணி நிக்காது. நான் சொன்னது தப்பு. எல்லாரும் பைப்பை மூடுங்க."

பதில் கொட்டியது. 'அண்ணே, யாரு மிரட்டுனா?' 'உங்க வாயை அடைச்சுட்டாங்களா அண்ணே?' 'நீங்க கவலைப்படாதீங்க, நாங்க புடிச்சுக்கிட்டேதான் இருக்கோம்.' முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒருத்தனும் நம்பவில்லை. உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பார்த்து!

என் ஜனங்களை எனக்குத் தெரியும். மறுபடியும் கண்ணம்மாவைக் கூப்பிட்டேன்.

"புடிச்ச தண்ணியெல்லாம் வாசல்ல கொண்டுபோய்க் கொட்டு."

"புத்தி கெட்டுப் போச்சா? இடுப்பு ஒடிய ஒன்றரை மணி நேரமா புடிச்சிருக்கேன்!"

"கேட்டைத் திறந்து வச்சு, நாலு பேரு பார்க்க ரோட்டுல ஊத்து. பூச்செடி, கால்வாய், ரோட்டோரம் நிக்கிற வாசு காடி, எதையாச்சும் கழுவு."

"எதுக்குங்க?"

"எங் கார்டு போயிரும்டி."

அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "தோங்கையுமா?" என்றாள்.

"தோங்கையும்."

கண்ணம்மா சிக்கனக்காரி, அரிசி கழுவின தண்ணீரைக்கூடச் செடிக்கு வைத்திருக்கிறவள் என்று தாமானுக்கே தெரியும். அவள் தோங்கைக் கவிழ்த்து வாசு காடியை இரண்டு தடவை கழுவினாளாம். மூன்றாவது தடவை தொடங்கும்போது எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, "அக்கா, அப்ப நெசமாவே தண்ணி வருமா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் போய் பைப்பை மூடினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. ஐந்து மணிக்கெல்லாம் தண்ணீர் பழையபடி ஓடியது. வாசு காடி என்றைக்கும் இல்லாத பளபளப்பு.

சாதிக் சொன்ன சொல் மாறவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். புஷ்பவல்லி என் அட்டைக்குப் புதுப் படம் எடுத்தாள், சிரிக்கச் சொன்னாள், நான் சிரிக்கவில்லை. பக்கிரிசாமி என்னோடு வரமாட்டேன் என்றான். தேநீருக்கு வைத்ததில் மிச்சமிருந்த கறிபாப் பலகாரத்தைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

மாடிப்படி வரைக்கும் சாதிக் கூட வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஐயா, காலையில முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. இப்பச் சொல்லுங்க, நிருபருக்குப் பயிற்சி வேணுமா வேணாமா?"

சான்றிதழை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"தம்பி, நீ இந்தப் பயிற்சிய நடத்தலேன்னா இன்னிக்குக் காப்பார்ல தண்ணி நின்னே இருக்காது."

சொல்லிவிட்டு நான் படியிறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டேன்.