எழுந்துக்கட்டுமா சார்?

"சார், அஞ்சு நிமிஷம் எழுந்துக்கட்டுமா? இடது கால் வலி உயிரை எடுக்குது."

தையல் கூடத்தில் அவள் 'சார்' என்று கூப்பிட்டது கட்டிய கணவரைத்தான். அவள் தைக்கும் வரிசைக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

"டார்கெட் முடியட்டும். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுறான்னு நாலு பேர் வாயில நான் விழணுமா?"

நல்ல பேர் எடுக்கும் வெறி ஒரு மனிதனை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது பாருங்கள்! யார் எழுந்தாலும் அவர் கத்துவார். அதற்குப் பயந்து அங்கிருந்த பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் பார்த்தால், அவளுடைய இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சுட்டது. அவருக்கு மனசு கேட்கவில்லை. எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து, தேய்த்துவிட உட்கார்ந்தார். கை பட்டதுமே அவள் அலறினாள்.

"தொடாதீங்க! என்னமோ சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

டாக்டரம்மா இரண்டு கால்களையும் அளந்து பார்த்தார். முகம் மாறியது. "தேய்ச்சீங்களா?"

"இல்லம்மா, கை வெச்சதுமே கத்திட்டா."

"நல்லவேளை!"

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். "கால்ல ஆழத்துல இருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

அவளை அங்கேயே படுக்கையில் சேர்த்து, உறைவு பெருகாமலிருக்க ஊசி போட்டார்கள். "இனி மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். வீக்கம் வடிஞ்சிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா உடனே சொல்லணும்" என்ற டாக்டர், அவளிடம் திரும்பினார். "காரணம் பல இருக்கலாம். மணிக்கணக்கா உக்காந்தே கிடக்கிறதும் ஒண்ணு. வேலையில நடுவுல எழுந்து நடக்க மாட்டீங்களா?"

கணவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்தாங்க விடல" என்றார் அவர். அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? இனிமே நீ எப்ப வேணும்னாலும் எழுந்துக்கோம்மா."

அவள் அவரையே பார்த்தாள். "நான் மட்டுமா? அந்த வரிசையில எல்லாருக்கும்தாங்க கால் இருக்கு. வலிக்குதுன்னு அவங்க சொன்னா யாரு நம்புவா?"



மறுநாள் கூடத்தின் நடுவில் நின்று அவர் உரக்கச் சொன்னார்:

"எல்லாரும் மெஷினை நிறுத்துங்க. தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க. வலிக்குதுன்னு சொன்னவளை நம்பாம உக்கார வெச்சேன், அவ இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கா. டார்கெட்டை நாளைக்குக்கூடப் புடிச்சிடலாம். போன உயிரை யாராலயும் புடிக்க முடியாது."