பதினாலில் ஒன்று

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பில் உலகத்தின் எந்தக் கிருமியும் ஒட்டாது என்பதை நம்பிராஜன் ஓர் அறிவியல் உண்மையாகவே அறிவித்தான். அறிவித்த இடம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டு வாசல். கையில் தேய்க்கும் கிருமிநாசினி பாட்டிலோடு உட்கார்ந்திருந்த ஷீபா சிஸ்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல தண்ணிதான் தம்பி. கைய நீட்டு. நாப்பது செகண்டு தேய்க்கணும்.”

“நாப்பதா? அதுக்குள்ள எங்க லைன்ல ஒரு காரே வெளிய வந்துரும் சிஸ்டர்.”

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், வண்டிக்கு வண்ணம் அடிக்கும் பெயின்ட் ஷாப்பில் அவனுக்கு வேலை. அங்கே நுழையுமுன் தலை முதல் கால் வரை உறை மாட்டிக்கொண்டு, காற்று பீய்ச்சும் அறையில் இரண்டு சுற்று சுற்றுவான். முகத்துக்குப் பவுடர்கூடப் போட மாட்டான். பானெட்டில் ஒரு தூசி விழுந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அந்த மரியாதையெல்லாம் காருக்குத்தான்.

அவனுடைய அறைக்கூட்டாளி மாரிசெல்வம், பைக்கிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தான். ஷிஃப்ட் முடிந்ததும் நம்பிராஜன் தினமும் வந்துவிடுவான். பாட்டிலுக்கு ஒரு கும்பிடு போட்டுக் கடப்பான். பக்கத்துக் கட்டில் எல்லப்பனின் மூத்திரப் பை தரையில் கிடந்தால் தூக்கி மாட்டுவான், நல்ல மனசு. அதே கையோடு நண்பனின் கட்டை விலக்கிப் புண்ணை ஆய்வு செய்வான்.

“தையல்ல ஃபினிஷிங் சரியில்லல மாப்ள.”

“கைய எடுல, வலிக்கு.”

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டு நனைந்து நாறியது. புண்ணின் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. பதினாலு மருந்துகளில் பதின்மூன்று அந்தக் கிருமியிடம் செல்லாதாம்.

“பதிமூணு ரிஜெக்டா?” நம்பிராஜன் திகைத்தான். “எங்க கம்பெனின்னா லைனையே நிப்பாட்டிருப்பாங்க சிஸ்டர்.”

“இங்க இன்னாத்த நிறுத்துறது? ஆளாளுக்கு ரெண்டு மாத்திரய முழுங்கிட்டு, ஜொரம் வுட்டதும் மீதிய தூக்கிப் போடறீங்கோ. கிருமி நல்லா டிரெய்னிங் எடுத்துகினு, உலகம் பூரா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சுத்தினு கீது. அதுங்கிட்ட யாரு பாஸ்போர்ட் கேக்கறது?”

“அந்தப் பதினாலாவது மருந்து?”

“கிட்னிய பதம் பாக்கும். வேற வழியில்ல, இன்னிக்கு ஆரம்பிக்கிறாங்க. அஞ்சு நாள்ல அடங்கலைன்னா கால எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு.”

“இவனும் தாமிரபரணிதானே சிஸ்டர்...” என்றான். சொல்லும்போதே குரல் பாதியாகிவிட்டது. “இவனுக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“எல்லப்பனுக்கு முன்னாடியே இதே கிருமி. கட்டில் விட்டு கட்டிலுக்கு அது என்ன நடந்தா வரும்? கையிலதான் வரும். எங்க கையோ, உன் கையோ. நாங்களும் அவசரத்துல விட்டுடறோம், அதையும் சொல்லணும்ல.”

நம்பிராஜன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“ஏல,” மாரிசெல்வம் கண்ணைத் திறந்தான். “நாளைக்கு வருவேல்லா?”

மறுநாள் வாசல் நாற்காலியில் யாரும் இல்லை. நம்பிராஜன் இரண்டு பக்கமும் பார்த்தான். பாட்டிலை அழுத்தினான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண். வாய்க்குள்ளேயே எண்ணினான். இருபத்தேழில் ஒரு சக்கர நாற்காலி கடந்து போக, எண்ணிக்கை தவறியது. மறுபடி பாட்டிலை அழுத்தி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.