பாதி மரத்த கண்

விடியுமுன்னே, அறுவைத் துணிகளை அவிக்கும் ஆவிப்பெட்டி சீறத் தொடங்கிவிடும். கொதிக்கும் துணிமூட்டைகளை இறக்கி இறக்கி ஒரு நர்ஸின் முன்கை கன்றிப்போயிருந்தது. கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் கைக்கார அக்கா. அறுவை நடக்கையில் பச்சைத் துணிக்கடியில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். முகம் மூடியிருக்கும், பேசக்கூடாது, அசையக்கூடாது. வலித்தால் அவள் விரலை அழுத்தவேண்டும். அவள் சொன்னதும் டாக்டர் கத்தியை நிறுத்துவார்.

ஒரு மாதமாக எல்லாரும் அழுத்துகிறார்கள், பாவம்.

வலி தெரியாமலிருக்கப் போடும் மரப்பு ஊசியோடு ஒரு பொடிமருந்தைக் கரைத்துச் சேர்ப்பது வழக்கம். அது சேர்ந்தால் மரப்பு கண்ணைச் சுற்றிச் சட்டென்று பரவும். வீண்செலவு என்று முதலாளி அதை நிறுத்திவிட்டார். சரி, மெதுவாகப் பரவட்டும் என்று காத்திருக்கவாவது விட்டாரா? ஆளை ஏற்று, ஆளை இறக்கு என்று பறந்தார். நேற்று ஒரு தையல்காரர் அழுத்தியதில் அக்காவின் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. வலியில் அவர் தலையும் அசைய, கண் மயிரிழையில் தப்பியது.

இன்று முதலாளி துணிப்பட்டைகளோடு வந்தார்.

“இனிமே கையைப் பிடிக்க வேணாம். மேசையோட கட்டிடுங்க.”

“கட்டினா வலி போயிடுமா சார்?”

“அவங்களே பொறுத்துக்கிறாங்க. நடுவுல நீ என்ன வக்கீலா?”

“வாயத்தான் மூடிடுறோமே சார். கையையும் கட்டிட்டா எதால சொல்லுவாங்க?”

“அப்ப வீட்டுக்குப் போ. உன் எடத்துக்கு வாசல்ல வரிசை நிக்குது.”

அக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை ஏறுகிறது. ஆனாலும் பட்டையைத் தொடவில்லை.

முதல் நோயாளியைத் தள்ளி வந்த வண்டிக்காரன் சக்கரத்தை மிதித்துப் பூட்டினான். “பொடிமருந்து வராம வண்டி உள்ள போகாதுங்க.”

“நீயுமாடா?”

“நான் மட்டுமா? திரும்பிப் பாருங்க.”

கூட்டுகிறவள், துணி வெளுக்கிறவர், சொட்டுமருந்து விடும் பெண்கள், எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றினார். “நானும் சம்பளக்காரன்தான் அக்கா. நேத்து அந்தத் தையல்காரர் கண்ணு போயிருந்தா என் கையாலதான் போயிருக்கும். பாதி மரத்த கண்ணுல இனி கத்தி வைக்க மாட்டேன்.”

முதலாளி வண்டியில் கிடந்த கொத்தனாரிடம் திரும்பினார். “பாருய்யா, உன் ஆபரேஷன இவங்கதான் கெடுக்குறாங்க!”

கொத்தனார் எழுந்து உட்கார்ந்தார். “சொட்டுமருந்துல எல்லாம் மங்கலா இருக்கு. யாரும்மா நிக்கிறது?”

“எல்லாரும் நிக்கிறோம்ணே.”

“அப்ப கொஞ்சம் நகந்து எடம் விடுங்க.” சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். பெஞ்சில் காத்திருந்தவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

முதலாளி அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். உள்ளே போனில் கத்தும் சத்தம். மருந்துக்கடைக்கா, போலீசுக்கா, தெரியவில்லை. வெளியே யாரும் நகரவில்லை.