வேலியின் மேல் ஒரு ஜகரண்டா

ஜகரண்டா கன்றைத் தொட்டியோடு தூக்கி வந்த அன்று தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஜன்னல் வழியே ஒருநாள் பார்த்தாளாம்: ஒரு இலைகூட இல்லாத மரம், கிளையெல்லாம் ஊதாப் பூ. அதிலிருந்து வெள்ளைச் சட்டைக்குக்கூட ஊதா நூலைக் கோத்துவிட்டு வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குழாய் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கன்றைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான். மாடி உயரம் தாண்டிப் போகும், குடைபோல விரியும், இதைப்போய் இந்தத் துக்குணூண்டு முற்றத்திலா என்றான். அவள் காதில் வாங்காமல் சமையலறை ஓரம் வெட்டினாள். அடியில் கழிவுநீர்க் குழாய். வாசல் பக்கம் வெட்டினாள், மேலே மின்கம்பி. பின்பக்கம் வெட்டியதும் அங்கே வெயிலே விழாது என்றான். முற்றம் பெருச்சாளி குடியேறியது போல ஆனது. எல்லாவற்றுக்கும் தோதான இடம் ஒன்றுதான் மிஞ்சியது. அங்கே வேலி நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர். தெருவே அவரைப் 'பன்னு' என்றுதான் கூப்பிடும். கல்யாணம் ஆகாதவர். இத்தனை வருஷத்தில் அவளிடம் மழை வரும்போல இருக்கு என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அன்று முழங்கை வரை மாவோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலி இருக்கிற இடத்துலதான் வைக்கணுமாம்," என்றாள்.

"அப்ப வேலியை எடுத்துடுவோம்."

"வருஷா வருஷம் இலை மொத்தமும் கொட்டும். அப்புறம் பூவும் கொட்டும். கூட்டி மாளாது."

"ரெண்டு பேராக் கூட்டலாமே."

அண்ணனுக்குத் திடீரென்று எங்கேயோ குழாய் ஒழுகுவது ஞாபகம் வந்து கிளம்பிப் போனான்.

இருவரும் வேலியைப் பிடுங்கினார்கள். வேர்க்கட்டியைவிட இரண்டு பங்கு அகலமாகக் குழி வெட்டி, தண்டின் அடி புதையாமல் கன்றை நிறுத்தி, மண்ணைத் தள்ளினார்கள். முட்டுக்கம்பில் கட்ட கேக் பெட்டி ரிப்பனை எடுத்துவர ஓடிய பன்னு, அவள் வெட்டிய பழைய குழி ஒன்றில் தொபுக்கென்று விழுந்தார். தூக்கிவிடப் போனவள் சிரிப்பில் பலமிழந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோடைக்கு முன் ஒரு காலை பன்னு அடித்துப்பிடித்து ஓடிவந்தார்.

"போச்சு. மொட்டையா நிக்குது."

அது சாகவில்லை, இலையுதிர்க்கிற ஜாதி, மறுபடி துளிர்க்கும் என்று அவள் விளக்கினாள். பூக்கத்தான் இன்னும் பல வருஷமாகும் என்றாள்.

"அதுவரைக்கும் என்னால காத்திருக்க முடியாது," என்றார் அவர். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் சரி என்றாள்.